பதினான்காம் பக்கத்துக் கல்லம்மா

பிள்ளையார்பாளையம்,
12-6-2025

அண்ணனுக்குக் குழலி எழுதுவது.

நீ அகிலா வீட்டுக்குப் போய் ஒரு மாதமாகிறது. போனில் கூப்பிட்டால் வேல்ஸ் குளிரையும் மழையையும் பற்றி அரைமணி நேரம் பேசுகிறாய். கீர்த்தி பேச்சை எடுத்தால் மட்டும் சிக்னல் போய்விடுகிறது. மூன்று முறை போய்விட்டது. உன் மகள் அகிலா நர்ஸாக இருக்கும் ஊரில் சிக்னல் கிடையாது என்று நம்ப நான் என்ன பச்சைக் குழந்தையா? அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். காகிதத்தை நீ பாதியில் துண்டிக்க முடியாது. தவிர, உன் பதில் எனக்கு மட்டும் அல்ல, கோயில் கமிட்டிக்கும் வேண்டும். கையெழுத்தோடு வேண்டும்.

உனக்குத் தெரிந்ததையே வரிசையாகச் சொல்கிறேன், பிறகு மறந்துவிட்டது என்று சொல்லாதே. என் மகள் கீர்த்தியும் குளக்கரைத் தெரு தனசேகரன் மகன் தினேஷும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை. ஒரே ஜாதி, ஒரே கோயில், ஜாதகமும் பொருந்துகிறது. நம் ஆலடித் தெருவுக்கும் குளக்கரைத் தெருவுக்கும் நடுவில் நூறு அடிகூட இல்லை. ஆனால் ஆலடித் தெருப் பெண்ணைக் குளக்கரையில் கொடுக்கக் கூடாதாம். இழையீஸ்வரர் கோயில் வெளிச்சுவரில் நிற்கும் கல்லம்மாவின் சாபமாம்.

அந்தக் கதை 1992 கும்பாபிஷேக மலரில் பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது. குளக்கரைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன நம் தெருப் பெண் ஒருத்தி, மாமியார் கொடுமை தாங்காமல் ஓடிவந்து, கோயில் சுவரோடு கைகூப்பி நின்று கல்லாகிவிட்டாள். இனி இந்தத் தெருப் பெண் அங்கே விளக்கேற்றினால் அவளுக்கும் இதே கதி என்று சாபம் கொடுத்துவிட்டுத்தான் கல்லானாள். ‘பழைய ஓலைச்சுவடியில் கண்டபடி’ எழுதியவர் புலவர் பஞ்சாட்சரம். அதாவது நீ.

தினேஷின் அம்மா கலைவாணி நல்லவள்தான். ஆனால் பயந்து சாகிறாள். “எம் புள்ள தாலி கட்டுற பொண்ணு கல்லா நிக்கணுமாக்கா? எனக்கு மனசு துணியலக்கா” என்று அழுகிறாள். கமிட்டிச் செயலாளர் துரைக்கண்ணு கோயில் மாலை தர முடியாது என்கிறார். அந்த மாலை வராமல் இரண்டு தெருவிலும் கல்யாணம் நடந்ததே இல்லை. கீர்த்தியோ, ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு இந்தத் தெருவுக்கே வரமாட்டேன் என்கிறாள். எனக்கு இருப்பது ஒரே மகள், அண்ணா.

கேள்வி இதுதான். அந்த ஓலைச்சுவடி எங்கே? அதில் பரிகாரம் என்று ஏதாவது ஒரு வரி இருக்கிறதா? ஐப்பசிக்குள் கலைவாணி வேறு பெண் பார்த்துவிடுவாள். சீக்கிரம் எழுது.

ஏலவார்குழலி


வேல்ஸ்,
29-6-2025

அன்புத் தங்கை குழலிக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கீர்த்தி நம் வீட்டு விளக்கு. அவள் விஷயத்தில் எனக்கு அக்கறை இல்லாததுபோல் நீ எழுதியிருப்பது மனத்தை வருத்துகிறது. ஓலைச்சுவடியைப் பொறுத்தவரை, முப்பத்து மூன்று ஆண்டுகளாகிவிட்டன. அப்போது நான் செய்யாற்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமிழாசிரியன். வாடகை அறையில் கரையான் புற்று வைத்ததில் ஏடுகள் பல அழிந்துபோயின. அவற்றில் அதுவும் ஒன்றாக இருக்கலாம்.

இங்கே வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஆற்றங்கரையில் ஒரு பழைய சர்ச் இருக்கிறது. எழுநூறு வருடத்துச் சுவர் என்கிறார்கள். பெயர்ப்பலகையில் இவர்களுடைய மொழி மேலே, ஆங்கிலம் கீழே. அதைப் பார்த்ததும் எனக்கு இந்த ஊர்க்காரர்கள்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. பித்தளை விளக்குகளைத் துடைக்க மெகன் என்று ஒரு அம்மாள் வருகிறாள். என் பள்ளிக்கூட இங்கிலீஷ் அவளுக்குப் புரிகிறது.

அவள் ஒரு கதை சொன்னாள். சர்ச்சை முதலில் மேட்டின்மேல்தான் கட்ட ஆரம்பித்தார்களாம். பகலில் அடுக்கிய கற்கள் மறுநாள் காலையில் ஆற்றங்கரையில் கிடக்குமாம். மூன்று நாள் இப்படியே நடக்க, கடவுள் விருப்பம் இதுதான் என்று கரையிலேயே கட்டிவிட்டார்கள். மேட்டு வீட்டாருக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. வெகுகாலம் அவர்கள் ஆற்றங்கரையாரோடு ஒரே பெஞ்சில் உட்காரவே இல்லையாம். எந்த ஊரானாலும் மண்ணோடு ஊறிய கதைகளை நாம் லேசாகத் தொட்டுவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

கலைவாணியிடம் நல்ல வார்த்தை சொல்லிப் பார். மாப்பிள்ளை தேவேந்திரனுக்கு என் அன்பு.

பஞ்சாட்சரம்


பிள்ளையார்பாளையம்,
14-7-2025

அண்ணா,

நான் கல்லம்மாவைப் பற்றிக் கேட்டேன், நீ சர்ச்சைப் பற்றி எழுதுகிறாய். கேட்டதற்குப் பதில் சொல்லாத பிள்ளையை வகுப்பில் எத்தனை முறை பெஞ்சுமேல் ஏற்றியிருப்பாய்?

கரையான் தின்றது என்கிறாய். வாராவாரம் உன் துணியைத் துவைத்து அந்த அறையைக் கூட்டிப் பெருக்கியவள் நான். நாலு பாடநூலும் ஒரு கண்ணாடியும் இருந்தன. ஓலை என்று ஒரு துணுக்குக்கூட நான் பார்த்ததில்லை.

தை மாதம் மறுபடியும் கும்பாபிஷேகம் வருகிறது. திருப்பணி ஆரம்பித்துவிட்டார்கள். துரைக்கண்ணு உன் மலரை அப்படியே மறுபதிப்புப் போடுகிறார், பதினான்காம் பக்கத்துக்கு மட்டும் கலர் படமாம். கல்லம்மாவைப் பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. சுண்ணாம்புக்கு மேல் மஞ்சள், மஞ்சளுக்கு மேல் எண்ணெய், குங்குமம், அதன்மேல் சேலை. கங்கையம்மாள் வெள்ளி தவறாமல் மஞ்சள் பூசுகிறாள். எழுபத்தெட்டு வயதிலும் அந்த ஒரு வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

நேற்று தனசேகரன் வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. அந்தக் காலத்தில் அவருக்குத்தான் என்னைக் கேட்டார்கள் என்பதும், மலர் வந்த வாரமே அந்தப் பேச்சு நின்றுபோனதும் உனக்கு மறந்திருக்காது. “உங்க அண்ணன் எழுதுன பக்கத்தால ஒருவாட்டி எல்லாம் போச்சிம்மா. எம் புள்ளைக்கும் அதேதானா?” என்று கேட்டார். காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று போய்விட்டார்.

கீர்த்தி என்னோடு சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவள் அலமாரியில் பாதித் துணி காணவில்லை, பெட்டிக்குப் போய்விட்டது. காலையில் ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பும்போதெல்லாம் இன்றைக்குத் திரும்பி வருவாளா என்று தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உன் அன்பையெல்லாம் தேவேந்திரனுக்குக் கொடுத்தது போதும். எனக்குப் பதிலைக் கொடு.

குழலி


வேல்ஸ்,
3-8-2025

குழலி,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். ஓலைச்சுவடி கிடையாது. கரையானும் கிடையாது. கல்லம்மா கதை நான் கட்டியது.

மலர் அச்சாகிக்கொண்டிருந்தபோது விளம்பரம் தந்த ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். அச்சகக்காரர் ஓடிவந்தார். “வாத்தியாரே, பதினாலாம் பக்கம் வெள்ளையா நிக்குது. எதனா எழுதிக் குடுங்க, ஒரு மணி நேரத்துல மிஷின்ல ஏத்தணும்” என்றார். அதற்கு முதல் நாள்தான் கோயிலில் என் வாழ்த்துப்பாவை நாலாம் பாட்டிலேயே நிறுத்தி, குளக்கரைத் தெரு ஆள்கள் மைக்கைப் பிடுங்கியிருந்தார்கள். “போதும் வாத்தியாரே, பொங்கல் ஆறிப்பூடுது” என்று ஒருவன் சொல்ல, கூட்டமே சிரித்தது. மொத்தம் முப்பத்திரண்டு பாட்டு எழுதியிருந்தேன். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. காது மடல் சுட்டுக்கொண்டிருந்தது.

வெளிச்சுவரில் சுண்ணாம்பு அப்பிய ஒரு உருவம் கைகூப்பி நிற்பது நினைவுக்கு வந்தது. பக்கக் கொண்டை இருந்ததால் பெண் என்று வைத்துக்கொண்டேன். அது யார் என்று எங்கும் பதிவில்லை. கல்லம்மா என்ற பெயரும் நான் வைத்ததே. என் ஆத்திரத்தையெல்லாம் அவள் வாயில் போட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். ஓலைச்சுவடி என்று சேர்த்தால் கனமாக இருக்கும் என்று தோன்றியது, சேர்த்தேன்.

தனசேகரனுக்கு உன்னைக் கேட்டிருப்பது எனக்குத் தெரியாது. நான்கு நாள் கழித்துத்தான் அம்மா சொன்னாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் தெருவில் என்னைப் புலவர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். உன் வாழ்க்கையைத் திசை திருப்பிவிட்டேன் குழலி. நீ தேவேந்திரனோடு நன்றாகத்தான் இருக்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனாலும் தனசேகரனைத் தேரடியில் எதிரே பார்த்தால் சந்தில் திரும்பிவிடுவேன்.

இப்போது சொல்லும் தைரியம் எப்படி வந்தது என்று கேட்பாய். சர்ச் வாசலில் அதன் வரலாற்றைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள். போன ஞாயிறு அதை எடுத்துப் படித்தேன். கற்கள் நகர்ந்த கதையைப் போட்டுவிட்டுக் கீழேயே எழுதியிருக்கிறது: ‘இந்தக் கதையைச் சுமார் நூற்று நாற்பது வருடங்களுக்கு முன்னால் இங்கிருந்த பாதிரியார் ஒருவர் எழுதினார். அதற்கு முந்தைய ஆதாரம் எதுவும் இல்லை. சர்ச் கரையில் இருப்பதற்குக் காரணம், மேட்டில் தண்ணீர் கிடையாது என்பதே.’ இப்படிப் போட்டால் ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விடாதா என்று மெகனிடம் கேட்டேன். “இந்த ஊர் மழையில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த அந்தப் பாதிரியார் கதை கட்டாமல் வேறென்ன செய்திருப்பார், பாவம்” என்று சிரித்துவிட்டு விளக்கைத் துடைக்கப் போய்விட்டாள். பிரார்த்தனைக்கு மணி அடித்தது. வழக்கம்போல் எல்லாரும் வந்தார்கள்.

கமிட்டிக்குத் தனித்தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துக் காட்டு. உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை.

பஞ்சாட்சரம்


பிள்ளையார்பாளையம்,
20-9-2025

அண்ணா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பதில் எழுதக் கை வரவில்லை. தறியில் உட்கார்ந்தால் இழை அறுந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்ன பாவம் செய்தாளோ கீர்த்தி, உன் முப்பத்திரண்டு பாட்டுக்கு அவள் அழ வேண்டியிருக்கிறது.

போன ஞாயிறு கமிட்டி கூடியது. இரண்டு தெருவும் வந்திருந்தன. உன் தாளை நானே படித்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன். என்ன நடந்தது தெரியுமா? ஒருவரும் நம்பவில்லை.

“தங்கச்சி பொண்ணு கல்யாணம் நடக்கணும்னு புலவரு பொய் எழுதியிருக்காரு. பாசம்பா, வேற ஒண்ணுமில்ல” என்றார் துரைக்கண்ணு. அத்தனை பேரும் உன் பாசத்தை மெச்சித் தலையாட்டினார்கள். கங்கையம்மாள் எழுந்து, “நான் சின்னப் பொண்ணா இருக்கசொல்லயே கேட்ட கதம்மா இது. அவரு என்னா கட்றது?” என்று அடித்துச் சொன்னாள். 1992-ல் அவளுக்கு நாற்பத்தைந்து வயது. உன் கதை உன்னைவிட மூத்ததாகிவிட்டது, அண்ணா. நீ பொய் எழுதியபோது புலவர் என்றார்கள், உண்மை எழுதினால் பொய்யன் என்கிறார்கள்.

தனசேகரன் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கலைவாணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, நானும் போகவில்லை. பிள்ளைகள் ஐப்பசி கடைசிவரை பார்ப்போம் என்கிறார்கள். அதன்பிறகு ரிஜிஸ்தர் ஆபீஸ்தான். கீர்த்தி இப்போது கோபமாகக்கூடப் பேசுவதில்லை, விருந்தாளிபோல மரியாதையாகப் பேசுகிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

குழலி


வேல்ஸ்,
5-10-2025

குழலி,

நான் நேரில் வருகிறேன். நவம்பர் பன்னிரண்டாம் தேதி சென்னையில் இறங்குகிறேன். கோயில் வாசலில் நின்று என் வாயாலேயே சொல்கிறேன். நம்பாவிட்டால் மறுநாளும் சொல்கிறேன். புலவர் பட்டத்தைத் துரைக்கண்ணுவே வைத்துக்கொள்ளட்டும்.

அதுவரை கீர்த்தியை அவசரப்பட வேண்டாம் என்று சொல். ரிஜிஸ்தர் ஆபீசுக்குத்தான் போகவேண்டும் என்றால், சாட்சிக் கையெழுத்துப் போட மாமா வருவேன் என்றும் சொல். உனக்கு நான் செய்தது போதும், அவளுக்கும் செய்ய மாட்டேன்.

பஞ்சாட்சரம்


பிள்ளையார்பாளையம்,
26-10-2025

அண்ணா,

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியில் மயக்கம் போட்டுவிடுவாய். தை இருபத்தைந்து, கோயில் மாலையோடு. இனி உட்கார்ந்து படி.

திருப்பணியில் வெளிச்சுவரைக் கழுவும் வேலை போன வாரம் கல்லம்மாவிடம் வந்தது. மஞ்சளும் எண்ணெயும் சுண்ணாம்பும் சேர்ந்து கை கனத்துக்கு ஏறியிருந்தது. சேலையை எடுக்கும்போது ஆண்கள் பார்க்கக் கூடாது என்று கங்கையம்மாள் திரை கட்டச் சொன்னாள். ஆண்களில் கழுவுகிற கமல் என்ற ஆள் மட்டும் திரைக்குள். சுற்றி இரண்டு தெருப் பெண்களும் நின்றோம். கலைவாணி எனக்கு எதிரே நின்றாள், முகத்தைப் பார்க்கவில்லை.

மருந்து தடவி, தண்ணீர் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்தான். முதலில் கொண்டை வந்தது. பிறகு நெற்றி, கண். மூக்குக்குக் கீழே வந்ததும் கமல் கையை நிறுத்திவிட்டான்.

“ஆயா, இந்தம்மாவுக்கு மீசை இருக்குது.”

“பேசாம தேய்ப்பா” என்றாள் கங்கையம்மாள்.

தேய்த்தான். முறுக்கு மீசை, அதற்குக் கீழே தாடி, இடுப்பில் ஒரு குத்துவாள். நல்ல வாட்டசாட்டமான ஆம்பளை. கைகூப்பி நிற்கிறான், அவ்வளவுதான். கங்கையம்மாள் கிட்டே போய்க் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். “அடப்பாவி! முப்பது வருசமா ஒரு ஆம்பளைக்கா மஞ்சப் பூசிக்கினு இருந்தேன்? எம் புருசனுக்கு ஒருநாள் முதுகு தேச்சிவுட்டதில்லையே!” என்று கத்தினாள். கத்திவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. திரையைப் பிடித்திருந்த பெண்கள் சிரித்ததில் திரையே அவிழ்ந்துவிட்டது.

துரைக்கண்ணு ஓடிவந்து பார்த்தார். “அம்மன் உக்கிரமா இருக்கசொல்ல மீசை வரும்பா, கேள்விப்பட்டிருக்கேன்” என்று இழுத்தார். “தாடியுமாண்ணா வரும்? போதும், நிறுத்துங்க” என்றாள் கலைவாணி. அவள் குரலை ஒரு மாதம் கழித்துக் கேட்டேன்.

தலைக்குமேல் இரண்டு வரி எழுத்தும் இருந்தது. கல்வெட்டுப் படிக்கும் சிம்ரன் என்ற கல்லூரிப் பெண்ணை மறுநாள் கூட்டிவந்தார்கள். ‘இத்திருச்சுவர் எடுப்பித்தான் ஒற்றியூரன்’ என்று படித்துச் சொன்னாள். யாரோ புண்ணியவான், சுவர் கட்டிக்கொடுத்துவிட்டுச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். அவனுக்கு நாம் மாமியார் கொடுமை வரைக்கும் கொடுத்துவிட்டோம். மறுபதிப்பில் பதினான்காம் பக்கத்தில் இனி அவன் படமும் பெயரும்தான்.

அன்று சாயங்காலம் கலைவாணி பூவும் பழமுமாக வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். கீர்த்தி பெட்டியிலிருந்த துணியையெல்லாம் எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள். அன்றைக்கு என் தட்டிலிருந்தே அப்பளத்தை எடுத்துச் சாப்பிட்டாள். எத்தனை மாதம் கழித்து எனக்குச் சோறு இறங்கியது தெரியுமா?

இனி நான் ஒன்று சொல்ல வேண்டும். என் வாழ்க்கையைத் திசை திருப்பிவிட்டதாக எழுதியிருந்தாய். அண்ணா, எனக்கு அப்போது எதிர்வீட்டுத் தேவேந்திரன்மேல்தான் மனசு. அவர் வீட்டுத் தறிச் சத்தத்தை வைத்தே அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்வேன். அம்மாவிடம் சொல்லத் தைரியமில்லை. தனசேகரனுக்குப் பேச ஆரம்பித்த பிறகு சோறு தண்ணீர் இறங்காமல் கிடந்தேன். அந்த வாரம் உன் மலர் வந்தது. பதினான்காம் பக்கத்தை அம்மாவுக்கு மூன்று தரம் உரக்கப் படித்துக் காட்டினேன். போதாதென்று கங்கையம்மாளுக்கும் படித்தேன். கல்லம்மா கனவில் வந்து அழுதாள் என்று சொன்னேன். அந்தக் கல்லுக்கு முதல் மஞ்சள் பூசியது கங்கையம்மாள் அல்ல, நான்.

நீ ஒரு பக்கம் எழுதினாய். அதை ஊரெல்லாம் பரப்பியவள் நான். உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு மாதம் கை வராததற்கு அதுதான் காரணம். திட்டியது உன்னை மட்டும் அல்ல. என் சந்தோஷத்துக்காக நான் கட்டிய முடிச்சு என் மகள் கழுத்தில் விழுந்ததே என்று தினமும் செத்தேன். இப்போது அவிழ்ந்துவிட்டது. முப்பத்து மூன்று வருடம் நீ பட்டது வீண் வேதனை, அண்ணா. நீ செய்ததில் எனக்கு நன்மைதான் வந்தது. தேரடியில் இனி தைரியமாக நட.

நேற்று தனசேகரன் சம்பந்தியாக வந்து கூடத்தில் உட்கார்ந்தார். காபி குடித்தார். கிளம்பும்போது மெதுவாக, “அன்னிக்கி சாமி குத்தம்னு பயந்து வுட்டுட்டோம். இல்லன்னா நம்ம கதையே வேறம்மா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் தள்ளினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உனக்கு இப்போது உண்மை சொல்லும் பழக்கம் வந்திருக்கிறது. நல்லதுதான். ஊருக்கு வா, கோயில் வாசலில் நின்று ஆசை தீரச் சொல். ஆனால் இதை மட்டும் அந்த மனுஷனிடம் சொல்லிவிடாதே. பதினான்காம் பக்கம்தான் பிரித்தது என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

குழலி